கொடியடுப்பின் காலம்

மெல்லச் சமைப்பது என்றதும் ஓய்வு மிகுந்த ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்துகொள்வது நமக்குப் பழகிவிட்டது. வேப்பமர நிழல், கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு, அதன்முன் அமர்ந்து பொறுமையாகக் கிளறும் பாட்டி. சேலம், நாமக்கல் சமவெளியின் அடுப்படி வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தச் சித்திரம் கலைந்துவிடுகிறது. அங்கே உணவு மெல்ல வெந்தது, சமைப்பவளுக்கு நேரம் இருந்ததால் அல்ல. அடுப்பின்முன் நிற்க அவளுக்கு நேரம் இல்லாததால்தான்.

லெ ஃபானு 1883இலும் ரிச்சர்ட்ஸ் 1918இலும் சேலம் மாவட்டக் கையேடுகளைத் தொகுத்தார்கள். ஆட்சியாளரின் தேவைக்காக எழுதப்பட்ட நூல்கள் அவை. அடுப்படிக்குள் நுழைய நமக்கு வேறு சான்றுகள் வேண்டும். அத்தகைய சான்றுகளில் முதன்மையானது கருவிகளுக்கு வழங்கிய பெயர். கொடியடுப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதன்மை அடுப்பின் பக்கத்தில், உள்ளே ஒரு துளையால் இணைந்திருக்கும் சிறிய அடுப்பு அது. அதற்கென்று தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பில் எரிவதன் மிச்சச் சூடு, கொடி படர்வதுபோல் அங்கே சென்று சேரும். கம்பஞ்சோறோ ராகிக்களியோ பெரிய அடுப்பில் வேக, கொள்ளோ தட்டைப்பயறோ கொடியில் கிடக்கும். கொள்ளு எளிதில் வேகாத தானியம்; இரவே ஊறவைத்தாலும் பிடிவாதம் பிடிக்கும். கொடியில் ஏற்றிவிட்டுக் காட்டுக்குப் போய்த் திரும்பினால் வெந்திருக்கும். வடித்த நீர் ரசத்துக்கு, பருப்பு கடைசலுக்கு.

எரிபொருளும் இந்த மெதுவான போக்குக்கு இசைந்ததே. மானாவாரி நிலத்தில் விறகு அரிது. பருத்திமார், துவரைமார், சோளத்தட்டை, வரட்டி ஆகியவையே கிடைத்தன. மாரும் தட்டையும் குபீரென்று எரிந்து அடங்கிவிடும். வரட்டியோ நீறு பூத்த தணலாக நெடுநேரம் நிற்கும். மர அறுவை ஆலைகள் பெருகிய பிறகு நகரத்து வீடுகளில் மரத்தூள் அடுப்பு வந்தது. இரும்பு டப்பாவின் நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்துப் புட்டியை உருவிவிட்டால் புகைபோக்கியைப் போல ஒரு குழி கிடைக்கும். அடியில் பற்றவைத்துவிட்டால் ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சில மணி நேரம் தானே கனலும்.

தானே கனலும் அடுப்பின் அருமையை உழவரைவிட நெசவாளரே அதிகம் உணர்ந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. சேலம் அம்மாப்பேட்டை, குகை, தெற்கே இராசிபுரம், திருச்செங்கோடு என்று தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் வீடே தொழிற்கூடம். குழித்தறியில் இறங்கி ஆண் நெய்கிறான் என்றால், தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் பெண்ணுடையவை, பிள்ளைகளுடையவை. கூலி துணிக்கே ஒழிய நேரத்துக்கு அல்ல. விடியுமுன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நாளில் குடும்பம் முழுவதும் வாசலில் நிற்கும். (பாவுக்கும் கஞ்சி, வயிற்றுக்கும் கஞ்சி என்ற விந்தையைக் கவனித்திருப்பீர்கள்.) தார் நின்றால் தறி நிற்கும், அடுப்பு காத்திருக்கலாம், தறி காத்திருக்காது.

உலகின் மறுகோடியில் இதே கதை வேறு காரணத்தோடு நடந்திருக்கிறது. ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பது யூதர் நெறி. எனவே கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் முதல்நாள் மாலையே அவரையும் இறைச்சியும் இட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து உண்டார்கள். 'சோலண்ட்' என்ற இந்த உணவைப் பற்றித் தன் தாயிடம் கேட்டறிந்த இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் மின்சாரத்தில் இயங்கும் அவரைச்சட்டி ஒன்றைச் செய்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் அது 'கிராக்பாட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்து, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான கருவி என்று கொண்டாடப்பட்டது.

மின்சாரமின்றியே சூட்டைச் சேமிக்கும் சட்டி ஒன்று சேலத்திடமே இருந்தது. அது கல்சட்டி. சேலம் வட்டாரத்து மாக்கல்லைக் கடைந்து செய்த கனத்த பாத்திரம். நகத்தால் கீறக்கூடிய அளவு மென்மையான கல் அது. ஆனால் சூட்டை ஏற்றுக்கொண்டால் லேசில் விடாது. இறக்கிவைத்த பிறகும் குழம்பு உள்ளே தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். குழம்பு முழுதும் வேகுமுன்பே தீயை அணைத்துவிடலாம். எஞ்சியதைக் கல் பார்த்துக்கொள்ளும். புதுச்சட்டியை எண்ணெயும் மஞ்சளும் தடவி, நாள்தோறும் சுடுகஞ்சி ஊற்றிப் பழக்கிய பின்பே அடுப்பில் ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் விரிசல் விடும். நார்வேயின் வைக்கிங்குகளும் இதே வகைக் கல்லில் சட்டி கடைந்து கடல்கடந்து கொண்டுபோனார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் காலமே நல்ல காலம் என்று யாரேனும் பெருமூச்சு விடக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். அடுப்பில் மிச்சமான நேரம் உரலில் செலவாயிற்று. கம்பை நீர் தெளித்து இடித்து, உமி போகப் புடைத்து, மீண்டும் நொய்யாக இடிக்க வேண்டும். இது அன்றாடப் பணி. விடியுமுன்னோ அந்தி சாய்ந்த பின்னோ நடப்பது. வெந்த கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்து நீரில் போட்டு வைத்தால் மறுநாள் கரைத்துக் குடிக்கலாம். காலையில் அடுப்பே மூட்ட வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அந்தப் பழையது யார் கலயத்துக்குப் போயிற்று என்றும் கேட்க வேண்டும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இந்த நிலத்தில் பண்ணைக்கு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனின் கதை. அவனைப் போன்றவர்களுக்கு உணவே கூலி. உணவு வரலாற்றை எழுத வருபவர்கள் சட்டியைப் பற்றி எழுதும் உற்சாகத்தில் கலயத்தை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் ஒரு பித்தளைக் கருவியும் வந்துபோயிற்று. வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை உருவாக்கினார். அடியில் கரி, மேலே நீர், அதன் ஆவியில் சோறும் பருப்பும் காயும் ஒருசேர வேகும். நம் பக்கத்தில் அவ்வகை ருக்மணி குக்கர் என்று வழங்கியது. தனியே தங்கிய அலுவலர்களுக்கும், வெளியில் உண்ணாத ஆசாரக்காரர்களுக்கும் அது துணை. கம்பு இடிக்கும் வீட்டுக்குப் பயன்படவில்லை.

பிறகு எல்லாம் விரைந்து நடந்தன. 1959இல் இந்தியாவிலேயே பிரஷர் குக்கர் உற்பத்தி தொடங்கியது. ரேஷன் அரிசி மலிந்தது. 2011 முதல் இலவசமாகவே கிடைத்தது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசு எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கியது. கம்பு தட்டைவிட்டு இறங்கியது. உரல் தோட்டத்து மூலைக்குப் போயிற்று. கொங்கு வீடுகளின் அரிசியும்பருப்புஞ்சோறு, சில விசில்களில் முடியும் இரவுணவானது. உரலிலிருந்து விடுபட்டதைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் மிச்சமான நேரம் அவளிடமே தங்கியதா? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம் வரை நீள்கிறது. கைத்தறி தெருவில் அடுப்புக்கும் தறிக்கும் இடையே பத்தடி தூரம்; கொள்ளு வேகும் வாசனையை வைத்தே பதம் சொல்லிவிடலாம். கூடத்தில் நிற்பவளுக்கு அந்த வாசனை வராது.

2012இன் நெடுநேர மின்வெட்டின்போது விசைத்தறிகள் நின்றன, மிக்சிகள் நின்றன. மின்சார மெதுவடுப்பு வாங்கியிருந்தவர் யாரேனும் இருந்தால் அவர் பாடும் அதோகதிதான். இப்போது கல்சட்டி இணையக் கடைகளில், பழக்கித் தரப்பட்டது என்ற குறிப்போடு, பெருநகரங்களுக்குப் பொதியாகிப் போகிறது. கம்பும் நொய்யாக உடைக்கப்பட்டுப் பாக்கெட்டில் வருகிறது. விசைத்தறி வீடுகளிலோ இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் கொள்ளை நனைத்துவைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் திரும்பியதும் குக்கரில் போட்டு, விசிலை எண்ணிக்கொண்டே சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறார்கள்.