சேதுசமுத்திரத் திட்டம்: மிச்சம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

தூத்துக்குடியில் இருந்து சென்னை வரும் பெரிய கப்பல்கள் ஏன் இலங்கையைச் சுற்றி வரணும்? நடுவில் இருக்கும் கடலில் ஆழம் போதாது. அங்கே 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டும் திட்டம்தான் 2005 ஜூலை 2-ல் தொடங்கியது. 30 மணி நேரம் வரை மிச்சம் என்றார்கள். ஆனால் ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் இருந்து வரும் கப்பல்களுக்கு மிச்சம் ரொம்பவே குறைவு.

சரி, கடலுக்கு என்ன ஆகும்? தோண்டும்போது கலங்கும் சேறு வெயிலை மறைக்கும்; கடற்புல் வளராது. கடல்பசு எனும் ஆவுளியாவுக்கு அதுதான் சாப்பாடு. அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும் என்பதால் தொடர்ந்து தோண்டிக்கிட்டே இருக்கணும். ராமர் பாலச் சண்டையில் இதெல்லாம் அமுங்கிப்போச்சு.

திட்டத்தை நிறைவேற்றக் கோரி 2023 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நான்கு மாதம் முன்புதான், அதே பாக் விரிகுடாவில் கடல்பசு காப்பகத்தை அறிவித்திருந்தது தமிழக அரசு.