சிறுத்த இரைப்பையும் சிறுக்காத தேவையும்



உடற்பருமனைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்யும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் அது நடைபெறுகிறது. இரைப்பையைச் சுருக்கினால் உண்ணும் உணவு குறையும். உணவு குறைந்தால் எடை குறையும். கணக்கு மிக எளிது எனத் தோன்றுகிறதல்லவா? ஆயினும் இக்கணக்கினுள் ஒளிந்திருந்த பிழையைத் தெளிவாக உணர மருத்துவ உலகுக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. அதற்குள் பலர் தம் உடல்நலத்தையும், சிலர் உயிரையுமே இழந்தனர். அப்பிழை யாது, அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் இரண்டு சொற்களின் பொருளை அறிந்துகொள்வது நலம். ஒன்று கலோரி, மற்றொன்று புரதம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தத் தேவையான வெப்பமே உணவியலார் கூறும் கலோரி. 1780களில் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், லாப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றில் கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை அளந்தார். உயிர் வாழ்தலும் ஒருவகை எரிதலே என்பது இதனால் விளங்கிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர், ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுப்பொருளும் ஏறத்தாழ 4 கலோரி வீதமும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும் எனக் கணக்கிட்டார். இன்றும் நாம் அந்த எண்களையே பயன்படுத்துகிறோம்.

கலோரி அடுப்பின் வெப்பம் என்றால், புரதம் வீட்டின் செங்கல். 1838-ஆம் ஆண்டில் டச்சு வேதியியலார் முல்டர் இப்பொருளுக்கு, முதன்மையானது என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். தசை, இரத்தம், தோல் அனைத்தும் இதனால் ஆனவை. கொழுப்பைச் சேமித்து வைக்க உடலில் பண்டகசாலை உண்டு. புரதத்துக்கு அத்தகைய பண்டகசாலை இல்லை. உணவில் புரதம் குறைந்தால், உடல் தன் தசையையே கரைத்துச் செலவு செய்கிறது. விறகு இல்லாதவன் வீட்டு உத்தரத்தை எடுத்து எரிப்பது போன்றது இது.

இவ்வுண்மையை உலகுக்கு நன்கு காட்டிய சோதனை 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் நடைபெற்றது. போரினால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று அறிய, ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் இதனை நடத்தினார். மனச்சான்றின் பேரில் போர் செய்ய மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து இச்சோதனைக்கு உட்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரி மட்டுமே வழங்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தனர். கொழுப்போடு தசையும் கரைந்தது, வலிமை குன்றிற்று, இதயத் துடிப்பும் தளர்ந்தது. தராசு காட்டும் எடை வேறு, அந்த எடை எதனால் ஆனது என்பது வேறு என்னும் பாடம் இதில் இருந்தது.

அதே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலிய அறுவை மருத்துவர்கள் 1954-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுகுடலின் கடைப்பகுதியை இழந்த நாய்கள் கொழுப்பைச் சரிவர ஈர்த்துக்கொள்ள இயலாமல் மெலிந்தன என்று அவர்கள் கண்டனர். அப்படியாயின் பருமனுற்றோருக்குக் குடலின் பெரும்பகுதியை வழிவிலக்கினால் என்ன? இவ்வெண்ணம் அறுவைக் கூடத்துக்குச் சென்றது. மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளமுடையது. 1969-இல் லாஸ் ஏஞ்சலிசைச் சேர்ந்த பெய்ன், டிவின்ட் என்னும் மருத்துவர்கள் வெளியிட்ட முறையில், நடுச்சிறுகுடலின் முதல் 14 அங்குலம், கடைச்சிறுகுடலின் இறுதி 4 அங்குலத்தோடு இணைக்கப்பட்டது. உணவு செல்லும் பாதை 18 அங்குலமாயிற்று!

எடை விரைந்து குறைந்தது. நோயாளர் விரும்பியதை உண்டும் மெலிந்தனர். ஆனால் தொடர்ந்த வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், மூட்டு வீக்கம் ஆகியவை தோன்றின. எல்லாவற்றிலும் கொடியது கல்லீரல் கேடு. சிலர் அதனாலேயே மாண்டனர். மாண்டவர் கல்லீரலில் கொழுப்பு மண்டிக் கிடந்தது.

இக்காட்சி மருத்துவர்களுக்கு வேறொரு நோயை நினைவூட்டிற்று. 1933-ஆம் ஆண்டில், இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், மக்காச்சோளக் கஞ்சியையே உண்டு வளர்ந்த குழந்தைகளிடம் வீக்கமும் கொழுப்பு மண்டிய கல்லீரலும் கண்டு விவரித்தார். குவாஷியார்க்கர் என்பது அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர். அக்குழந்தைகளின் வயிறு நிறைந்திருந்தது. புரதம் மட்டுமே இல்லை. வறுமையால் வாடிய குழந்தைக்கும், செல்வ நாட்டில் பருமனுக்குச் சிகிச்சை பெற்றவருக்கும் ஒரே குறை! 1980-ஆம் ஆண்டளவில் அந்த அறுவை முறை கைவிடப்பட்டது.

இதற்கிடையே ஐயோவா பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் மேசன் வேறு வழியை நாடினார். புண்ணின் காரணமாக இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கப் பெற்றோர் மீண்டும் எடை கூடுவது அரிது என்பதை அவர் கவனித்தார். 1966-இல் இரைப்பையின் மேற்பகுதியைத் தனியே பிரித்துச் சிறுகுடலோடு இணைத்தார். மறு ஆண்டு ஈட்டோ என்னும் மருத்துவருடன் அதனை வெளியிட்டார். பின்னாளில் அந்தச் சிறு பை ஏறத்தாழ 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக் கரண்டி கொள்ளும் அளவுக்குச் சுருக்கப்பட்டது. இதில் குடலின் பெரும்பகுதி பயன்பாட்டிலேயே இருந்ததால் கேடுகள் குறைந்தன. இத்தாலியின் ஜெனோவா நகரில் ஸ்கோப்பினாரோ 1976-இல் தொடங்கிய மற்றொரு முறையில் புரதக் குறைவு தோன்றியபோது, அவர் இரைப்பையைச் சற்றுப் பெரிதாக விட்டும், குடற்பாதையின் நீளத்தை மாற்றியும் அதனைத் தணித்தார்.

எந்தப் புரதமாயினும் போதுமா? போதாது. எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்பதை, பாரிசில் மஜாந்தி தலைமையில் அமைந்த குழு 1841-இலேயே அறிவித்திருந்தது. அதனை மறந்த அமெரிக்காவில், 1970களின் பிற்பகுதியில், விலங்குகளின் தோல் முதலியவற்றிலிருந்து செய்த திரவப் புரதத்தை மட்டும் பருகி மெலிய முயன்றவர்களுள் ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றதே பலருக்கு நேர்ந்த முடிவு. உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் எல்லாம் வேண்டிய அளவில் அமைந்த புரதமே நல்ல புரதம். பால், முட்டை, மீன் ஆகியவற்றில் அது உண்டு. பருப்பும் அரிசியும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

இனி நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்றைய மருத்துவ நெறிப்படி, இவ்வறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சிலருக்கு, உயரத்துக்கு உகந்த எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரையிலும் தேவைப்படலாம். 60 கிராம் புரதம் 240 கலோரி தரும். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது நூற்றுக்கு 12 பங்கு. ஆனால் அறுவைக்குப் பின் முதற்சில வாரங்களில் ஒருவர் உண்ணக்கூடியது 600 கலோரி அளவே என்று கொள்வோம். அப்போது அதே 240 கலோரி நூற்றுக்கு 40 பங்காகிறது! உணவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கிற்று. புரதத் தேவையோ சுருங்கவில்லை. முன்னோர் காணத் தவறிய பிழை இதுதான்.

ஆகவேதான் இன்று நோயாளருக்கு, புரதத்தை முதலில் உண்க, மற்றவற்றைப் பின்னர் உண்க என்று அறிவுறுத்துகின்றனர். முதலில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு எனப் படிப்படியாக முன்னேறுவர். ஓர் ஆண்டு செல்லும்போது பலர் 1000 கலோரியையோ, அதற்குச் சற்று மேலோ உண்பர். ஒரு முட்டையில் 6 கிராம் புரதமே உண்டு. 60 கிராமைச் சிறு சிறு கவளமாகச் சேர்ப்பது எவ்வளவு பொறுமை வேண்டும் செயல் என்பதை எண்ணிப் பாருங்கள். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12 முதலிய வைட்டமின்களையும் வாழ்நாள் முழுதும் மருத்துவர் கூறியவாறு கொள்ளவேண்டும். இவ்வளவு கவனத்தோடும்கூட, இழக்கும் எடையில் ஒரு பங்கு தசையாகவே இருக்கிறது. அதனைக் குறைக்கவே உடற்பயிற்சியும் வேண்டப்படுகிறது.

அளவறிந்து உண்ணுமாறு வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நமக்கு அறிவுறுத்தினார். அளவு என்பது உணவின் குவியலை மட்டும் குறிப்பதன்று. அதனுள் இருப்பது யாது என்பதையும் குறிக்கும் என இவ்வரலாறு விளக்குகிறது. அறுவை மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளர் மூன்று வேளையும் தம் தட்டின் முன் அமர்ந்து செய்யும் பணியோ ஆயுள் முழுதும் தொடர்கிறது. எடை குறைவது வெற்றியின் ஒரு பாதி. குறைவது கொழுப்பாக இருக்கச் செய்வதே மறுபாதி.