இரு வெப்பநிலைகளுக்கு இடையே: இந்திய நுண்ணலைக் கதிர்வீச்சுமானிகளின் அளவுத்திருத்த வரலாறும் தருமபுரி மாவட்டமும்

கேழ்வரகும் சாமையும் மானாவாரியாக விளையும் தருமபுரி மாவட்டத்தின் மண் ஈரத்தைக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள எண்கள் மண்ணிலிருந்து நேரே பெறப்பட்டவை அல்ல. நிலம் இயல்பாக வெளியிடும் நலிந்த நுண்ணலைக் கதிர்வீச்சைக் கதிர்வீச்சுமானி மின்னழுத்தமாக மாற்றுகிறது. அம்மின்னழுத்தம் கெல்வின் அலகிலான ஒளிர்வு வெப்பநிலையாக்கப்படுகிறது. அதன் பின்னரே மண் ஈரம் கணிக்கப்படுகிறது. இவற்றுள் இரண்டாம் படியே அளவுத்திருத்தம். இந்தியத் தொலையுணர்வு வரலாறு பெரும்பாலும் ஏவுதல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இப்படிக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை.

கருவியின் உள்ளிரைச்சல் பல வேளைகளில் அளக்கப்படும் கதிர்வீச்சைவிடப் பெரிது. அதன் பெருக்கமும் நிலையாக நிற்பதில்லை. ஆண்டெனாவையும் வெப்பநிலை தெரிந்த ஓர் ஒப்புச்சுமையையும் விரைந்து மாறி மாறி இணைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் அளக்கும் முறையை 1946இல் ராபர்ட் டிக்கி வெளியிட்டார். ஆயினும் அவ்வேறுபாட்டைக் கெல்வினாக்க இரு அறிந்த நிலைகள் வேண்டும். வெப்ப நிலைக்கு, வெப்பநிலைமானிகள் பதித்த உறிஞ்சுபொருள் போதுமானது. குளிர்நிலைக்கு ஆய்வகத்தில் 77 கெல்வினிலுள்ள திரவ நைட்ரஜன் உதவும். விண்ணில் வானமே துணை.

அந்த வானத்தின் வெப்பநிலை அறியப்பட்டதும் ஓர் அளவுத்திருத்தப் பணியின் வழியாகத்தான். பென்சியாஸும் வில்சனும் தம் ஆண்டெனாவைத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட ஒப்புச்சுமையுடன் ஒப்பிட்டு, அறிந்த மூலங்கள் அனைத்தையும் கழித்த பின்னும் ஏறத்தாழ 3.5 கெல்வின் எஞ்சியதை 1965இல் அறிவித்தனர். கணக்கில் அடங்காத அந்த மீதமே, பின்னர் 2.7 கெல்வின் எனத் துல்லியம் பெற்று, விண்கருவிகளின் குளிர்நிலை ஒப்பாயிற்று.

1979 ஜூன் 7 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்ட பாஸ்கரா-1, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய 'சமீர்' என்னும் டிக்கி வகைக் கதிர்வீச்சுமானியைச் சுமந்து சென்றது. அது 19, 22 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இயங்கியது. பின்னது நீராவியின் உட்கவர் கோட்டை ஒட்டியது. 1981 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட பாஸ்கரா-2இல் 31 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது. சமீர் ஒரே பார்வையில் கண்ட நிலப்பரப்பின் விட்டம் 100 கிலோமீட்டருக்கும் மேல். இன்றைய தருமபுரி மாவட்டத்தின் பரப்போ சுமார் 4,500 சதுர கிலோமீட்டர்தான். மாவட்டம் முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். கடலே அக்கருவியின் முதன்மை இலக்காக இருந்ததில் வியப்பில்லை. அமைதியான கடலின் உமிழ்திறனை வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடலாம். எனவே கடல் அளவீட்டுக்கு உரிய பொருளாக மட்டுமன்றி அளவீட்டுக்குச் சான்றாகவும் நின்றது. செம்மண் வயலுக்கு அவ்வாறான எளிய கணக்கு இல்லை.

1999இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-1இன் கதிர்வீச்சுமானியும் கடலையே முதன்மையாக நோக்கியது. 2011 அக்டோபர் 12 அன்று ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோளான மேகா-டிராபிக்கில் இடம்பெற்ற 'மெட்ராஸ்' கருவி (அப்பெயரைச் சென்னை துறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன) ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பச்சுமையையும் குளிர்வானத்தையும் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்புடையது. 2013 ஜனவரியில் அதன் சுழல் பொறியமைப்பு பழுதடைந்தபோது அளவீடும் அளவுத்திருத்தமும் ஒருங்கே முடிவுற்றன.

மண் ஈரத்துக்கென 2015இல் அமெரிக்கா ஏவிய 'ஸ்மாப்' 1.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது; குளிர்வானமும் கடலுமே அதற்கும் ஒப்புநிலைகள். அதன் பார்வை விட்டம் சுமார் 40 கிலோமீட்டர். பென்னாகரத்தின் மானாவாரி வயல், ஒகேனக்கல் காடு, காவிரியின் நீர்ப்பரப்பு மூன்றும் அதில் ஒரே வெப்பநிலையாகக் கலக்கின்றன. நீர்ப்பரப்பு அவ்வெப்பநிலையைத் தாழ்த்தி நிலத்தை ஈரமானதாகக் காட்டும். காடு அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே வயலில் தோண்டி எடுத்த மண் மாதிரி வரைபடத்துடன் முரண்படுமாயின், கருவியின் அளவுத்திருத்தம் பிழையானது என்று முடிவுகட்ட இயலாது. வரைபடத்தைச் சான்றாகக் கொண்டு அவ்வயலில் வறட்சி இல்லை என்று சொல்லவும் இயலாது. கருவியைத் திருத்துவதும் நிலத்தில் சரிபார்ப்பதும் வெவ்வேறு பணிகள். பின்னதற்கு வானமும் கடலும் உதவா. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் பல வயல்களில் ஒரே நாளில் மண்ணை எடுத்து உலர்த்தி எடையிட வேண்டியுள்ளது.