கைக்கோடரியும் செதில்கல்லும்: பழைய செங்கல்பட்டு மாவட்டத் தொல்சான்றுகள்வழி அறிவு வளர்ச்சியின் தவிர்க்கவியலாமை குறித்த ஒரு மறுபார்வை

திறவுச்சொற்கள்: பல்லாவரம், அத்திரம்பாக்கம், கைக்கோடரி, பழைய கற்காலம், படிமலர்ச்சி, அறிவு

முன்னுரை

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தமைக்கு முதன்முதலில் அறிந்தேற்கப்பட்ட சான்று அதுவாகும். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். இன்று பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. 1997ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன் இரண்டும் ஒரே மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. ஆகவே பழைய எல்லையைக் கொண்டே இக்கட்டுரை பேசுகிறது.

உயிர்கள் தோன்றிவிட்டால் அறிவு மிக்க உயிர் ஒன்று என்றேனும் தோன்றியே தீருமா என்னும் வினா பெரும்பாலும் உயிரியலாராலும் மெய்யியலாராலும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. ஸ்டீபன் ஜே கூல்டு 1989இல், உயிர்வரலாற்றை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டால் மனிதர் தோன்றமாட்டார் என வாதிட்டார். சைமன் கான்வே மாரிஸ் 2003இல், மனிதரை ஒத்த அறிவு தவிர்க்கவியலாதது என மறுத்தார். கனடாவின் பர்கெசு களிப்பாறைப் புதைபடிவங்களை நன்கறிந்த இருவரும் இந்த எதிரெதிர் முடிவுகளை எட்டினர் என்பது வியப்பிற்குரியது. அவ்வினாவை நம் நிலத்துக் கற்களிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரீட்டில் ஒளிந்துள்ள ஏணி

பல்லாவரக் கண்டுபிடிப்பிற்கு ஈராண்டுகள் கழித்து, 1865இல், ஜான் லபக் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்னும் பகுப்பினை முன்வைத்தார். தம் காலத்தில் வாழ்ந்த பழங்குடியினரைக் கொண்டு தொல்மனிதரை விளக்க அவர் முற்பட்டார். காலவரிசை தரவரிசையாக மாறியது இங்குதான். பின்னர் வந்த கீழ், இடை, மேல் என்னும் உட்பிரிவுகளும் ஏறிச்செல்லும் படிகளாகவே வாசிக்கப்பட்டன. ஃபூட் இவ்வகையில் சற்று வேறுபட்டவர். பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் இடையே நெடிய இடைவெளி இருந்ததாக அவர் கருதினார். அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை எனினும், மண்ணில் தொடர்ச்சி தெரியாத இடத்தில் தொடர்ச்சியைக் கற்பிக்க மறுத்த அவருடைய நேர்மை மதிக்கத்தக்கது.

அத்திரம்பாக்கத்தின் காலக்கணக்கு

1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகியோர் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு மேற்கொண்டனர். புவியின் காந்தப்புலத் திசைமாற்றத் தடயங்களையும், விண்கதிர்களால் கல்லில் உருவாகும் அலுமினியம், பெரிலியம் ஓரிடத்தான்களையும் கொண்டு, அங்குள்ள அச்சூலியன் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் அவர்கள் வெளியிட்டனர். இந்தியக் கைக்கோடரி மரபின் பழமை குறித்த கருத்தையே அது மாற்றியது.

2018இல் வெளிவந்த இரண்டாவது முடிவு நம் வினாவிற்கு இன்னும் நெருக்கமானது. மண்துகள்கள் இறுதியாக ஒளி பட்ட காலத்தைக் கணிக்கும் முறையில் ஆராய்ந்தபோது, 3,85,000 ஆண்டுகளுக்கு முன் (64,000 ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம்) அங்குக் கைக்கோடரி வழக்குக் குன்றி, சிறிய செதில்கருவிகளும் லெவலுவா முறையும் தலைப்பட்டமை தெரியவந்தது. லெவலுவா முறையில், பெறவேண்டிய செதிலின் வடிவம் கருக்கல்லின் மேற்பரப்பிலேயே முன்கூட்டித் திட்டமிடப்படுகிறது. பல தட்டுகள் பெயர்த்தெடுக்கப்பட்ட பின்னரே வேண்டிய செதில் கிடைக்கும். கண்முன் இல்லாத ஒன்றை மனத்தில் நிறுத்தி வேலை செய்யும் ஆற்றலுக்கு இது சான்று.

எனவே இதனை 'அடுத்த படி' என உடனே கூறிவிடத் தோன்றும். இரண்டு செய்திகள் அதனைத் தடுக்கின்றன. முதலாவது, கைக்கோடரியின் நீண்ட வாழ்நாள். அத்திரம்பாக்கத்து இரு காலங்களுக்கும் இடையே ஏறத்தாழ 11 இலட்சம் ஆண்டுகள் உள்ளன. அங்கு மக்கள் அக்காலம் முழுதும் தொடர்ந்து வாழ்ந்தனர் என்பதற்கில்லை. ஆயினும் உலகின் பல பகுதிகளில் அக்கருவியின் அடிப்படை வடிவம் அந்நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. உள்ளிருந்து உந்தும் வளர்ச்சி விதி ஒன்று இருந்திருப்பின், இவ்வளவு நீண்ட நிலைபேறு விளக்கம் வேண்டுவது. இரண்டாவது, மாற்றம் எங்கும் ஒருசேர நிகழவில்லை. இராசத்தானின் சிங்கி தலாவில் ஏறத்தாழ 1,77,000 ஆண்டுகளுக்கு முன்பும் கைக்கோடரிகள் புழக்கத்தில் இருந்தமை 2021இல் அறிவிக்கப்பட்டது. அதாவது கொசத்தலையாற்றங்கரையில் அவ்வழக்குக் குன்றி ஈரிலட்சம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் தார்ப் பாலையின் விளிம்பில் அது வாழ்ந்தது. சிங்கி தலாவினர் அறிவு குறைந்தோர் எனக் கொள்ள எந்தச் சான்றும் இல்லை. அவர்களுக்குக் கைக்கோடரி போதுமானதாக இருந்திருக்கலாம். மேலும், மரமும் மூங்கிலும் நாரும் மக்கிப்போக, கல் மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது. கல்லின் வரலாற்றை அறிவின் வரலாறாகக் கொள்வதில் எப்போதும் ஒரு குறை இருக்கும்.

கடற்கரைச் சான்றுகள்

தவிர்க்கவியலாமை வாதத்தின் வலுவான பகுதி, தொடர்பற்ற உயிர்களில் அறிவு தனித்தனியே தோன்றியுள்ளது என்பதாகும். இதற்கும் இம்மாவட்டக் கடற்கரை எடுத்துக்காட்டுத் தருகிறது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில், மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கியவாறு முதலைகள் அசையாது கிடந்ததையும், கூடு கட்டக் குச்சி தேடிய கொக்குகள் அவற்றை நெருங்கியதையும் விளாதிமிர் தினெட்சு கண்டு, 2013இல் உடனாய்வாளருடன் வெளியிட்டார். இது கருவிப் பயன்பாடே என்பது அவர்கள் கருத்து. அமெரிக்க முதலைகளை வைத்துப் பின்னர் நிகழ்ந்த சோதனை அக்கருத்தை உறுதிசெய்யவில்லை. ஆகவே இச்சான்றின்மீது பெரிய மாளிகை எழுப்புதல் தகாது.

மீனவர் வலையில் விழும் கணவாய் இதனினும் உறுதியான சான்று. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. ஆயினும் அது கற்கிறது, நினைவில் கொள்கிறது. ஆனால் ஓரிரு ஆண்டே வாழும் கணவாய், தன் குஞ்சுகளைக் காணாமலே மடிகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தொடக்கத்திலிருந்தே கற்கவேண்டும். கைக்கோடரி செய்தவர்க்கு வாய்த்தது மிகுந்த மூளை மட்டுமன்று. பார்த்துப் பழக ஒரு மூத்தவர் அருகிருந்தார். அறிவு பல முறை தோன்றக்கூடும் என ஒப்பினாலும், அது கைமாறிக் குவியும் மரபு தோன்றியே தீரும் என்பது அதனால் நிறுவப்படுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே இவ்விவாதத்தின் பெருங்குழப்பம் என்பது என் கருத்து.

தமிழ்ச் சூழலில் இவ்வினா

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பது, படிமலர்ச்சிக் கொள்கையின் முன்னோடியாகப் பல கட்டுரைகளில் காட்டப்படுகிறது. மரபியல் கூறுவது வகைப்பாடு. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என அது கூறவில்லை. விலங்குகளுள் சிலவற்றிற்கும் ஆறாம் அறிவு உண்டெனக் கொள்ளும் உரைமரபோ, வகைப்பாட்டின் எல்லையையே நெகிழ்த்துகிறது. அதன் பெருமை அங்கேயே உள்ளது. டார்வினிடம் கடன் பெறத் தேவையில்லை.

இதனினும் கவலைக்குரியது, அத்திரம்பாக்கக் கருவிகளைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக்கும் போக்கு. ஓமோ சேப்பியன்சு இனத்திற்கு இன்று அறியப்படும் மிகப்பழைய சான்றாகக் கருதப்படும் மொராக்கோவின் செபல் இர்கூது எலும்புகளின் காலமே ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள்தான். 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்குக் கல் செதுக்கியோர் நம் இனத்தவரே அல்லர். அவர்கள் பேசினரா என்பதே தெரியாதபோது, எம்மொழி என்னும் வினாவிற்கு இடமேது?

அவர்கள் யாவர் என்பதைக் கல் சொல்லாது. அத்திரம்பாக்கத்தில் விலங்குப் பற்கள் சில கிடைத்துள்ளன. உறுதிசெய்யப்பட்ட தொல்மனித எலும்பு எதுவும் இல்லை. நருமதைக் கரையின் அத்னோராவில் 1982இல் அருண் சோனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி, எந்த இனத்தைச் சார்ந்தது என இன்னும் விவாதிக்கப்படுகிறது. லெவலுவா முறை இங்கேயே முகிழ்த்ததா, வந்தேறியோர் கொணர்ந்ததா என்பது அத்தகைய எலும்பொன்று கொசத்தலையாற்றுப் படுகையில் கிடைக்கும் வரை தீராத வழக்காகவே நிற்கும்.