முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை

முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை என்பது மறைமலை அடிகள் (1876–1950) எழுதி, 1903 ஆம் ஆண்டில் வெளிவந்த திறனாய்வு நூல் ஆகும். பத்துப்பாட்டில் மிகச் சிறியதும் 103 அடிகளைக் கொண்டதுமான முல்லைப்பாட்டை இந்நூல் ஆராய்கிறது. மாணவர் ஒரு பழம்பாடலைத் தாமே படித்து எடைபோடக் கற்க வேண்டும் என்ற நோக்குடையதால், தமிழில் தற்காலத் திறனாய்வின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

வேதாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அடிகள், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அக்கல்லூரி அப்போது சென்னை நகருக்குள் இருந்தது. 1937 இல்தான் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889 இல் அச்சிட்டிருந்ததால், மூலமும் உரையும் மாணவர் கைக்கு எட்டியிருந்தன. எனினும் பாடலைப் படிப்பது என்பது பெரும்பாலும் உரையைப் படிப்பதாகவே இருந்தது. முல்லைப்பாட்டு கல்லூரிப் பாடமாக அமைந்தபோது அடிகள் இந்நூலை எழுதினார். பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை 1906 இல் வெளிவந்தது.

1911 இல் கல்லூரியை விட்டு நீங்கிய அடிகள் பல்லாவரத்தில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். பல்லாவரமும் தாம்பரமும் 2019 இல் உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும். அம்மாவட்டத்தின் மறைமலை நகர் இவர் பெயரால் அமைந்ததாகும்.

உரையாசிரியருடன் மாறுபாடு

பாட்டு என்பது யாது என்ற பொதுவான கேள்வியில் தொடங்கி, பாடலின் அமைப்பு, நயம் எனச் செல்லும் இந்நூலில் இன்றும் பேசப்படுவது, நச்சினார்க்கினியரின் 'மாட்டு' முறையை அடிகள் மறுத்த பகுதியே. தொலைவில் உள்ள அடிகளை எடுத்து இணைத்துப் பொருள் கொள்வது மாட்டு எனப்படும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. முல்லைத்திணையின் உரிப்பொருள் 'இருத்தல்', அதாவது கணவன் வரும்வரை ஆற்றியிருத்தல். ஆனால் இப்பாடலில் தலைவி கண்ணீர் விடுகிறாள். இரங்கல் நெய்தலுக்கு உரியது. எனவே இலக்கணத்தோடு பாடல் பொருந்துவதற்காக உரையாசிரியர் அடிகளை முன்பின்னாக இணைத்தார். புலவர் வைத்த வரிசையிலேயே பொருள் இயல்பாக அமைகிறது என்பது அடிகளின் வாதம்.

மாணவர் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். மழைக்கால மாலையில் முதுபெண்டிர் நற்சொல் கேட்டு வருதல், தலைவியின் கலக்கம், பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசன், மீண்டும் அரண்மனையில் தலைவி, இறுதியில் திரும்பிவரும் தேரின் ஒலி என்ற வரிசையில் படிக்கும்போது, இரு இடங்களிலும் உறக்கமின்மை எதிரெதிராக நிற்பது தெரியும். அடிகளை இடம் மாற்றினால் இந்த அமைப்பு குலைகிறது. எனினும் நச்சினார்க்கினியரை அறியாமல் செய்தவராகக் கொள்வது தவறு. திணைக்கும் கண்ணீருக்கும் இடையிலான முரணை அவர் கண்டுகொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. நூலில் பாராட்டுரை சற்று மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரக் கடற்கரையும் இம்முறையும்

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் போற்றும் இப்பாடலில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும், உச்சியில் விளக்கு எரியும் உயர்ந்த மாடமும் வருகின்றன. சிலர் இதனை மாமல்லபுரம் என்பர். ஆனால் பாடலில் அப்பெயர் இல்லை. மாமல்லன் என்பது 7 ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். மாமல்லபுரத்தில் குன்றின் மேல் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் பிற்காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. அதுவும் பல்லவர் கட்டடமே ஆதலால் பாடலின் மாடத்தோடு அதனை இணைக்க இயலாது.

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. இதனால் அவ்வூரே நீர்ப்பெயற்று என்ற கருத்தும் உண்டு. அங்கு ஒரு பழந்துறை இருந்ததை ஓடுகள் காட்டுகின்றன. அதன் பெயர் நீர்ப்பெயற்று என்பதை அவை காட்டவில்லை.