பக்கவாதமும் கடிகாரமும்

கோவை மாநகரம் ஒரு காலத்தில் திரைப்படத் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்கியதை வாசகர்கள் அறிவீர்கள். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாகி 1947இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’யில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். 1954இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தார் எடுத்த ‘மலைக்கள்ளன்’ அவர் புகழை மேலும் பரப்பியது. 1967இல் கழுத்தில் குண்டு பாய்ந்து கரகரத்த பின்னரும் ஓயாத அக்குரல், 1984 அக்டோபரில் தடைப்பட்டது. முதலமைச்சராக இருந்த அவர், சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது பக்கவாதத்துக்கு ஆளானார். நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பி, மீண்டும் பதவியேற்றார். ஆனால் 1987 டிசம்பரில் மறையும் வரையில் அவருடைய பேச்சு பழைய நிலையை அடையவில்லை.

சிறந்த மருத்துவர்கள் அருகில் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று? இதற்கு விடை காண, மருத்துவ வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நோயின் இருப்பிடம்

‘கை கால் விழுந்துவிட்டது’, ‘காற்றுக் கருப்பு அடித்துவிட்டது’ என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாட்டு வைத்தியம் இதனை வாத நோய்களுள் ஒன்றாகக் கொண்டது. பழைய ஐரோப்பிய மருத்துவர்களோ, சளி மூளையை அடைப்பதே காரணம் என்றனர். 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் வெப்பர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்துச் சோதித்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் காட்டினார். இரத்தக் குழாய் அடைபட்டாலும் இந்நோய் வரும் என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

1861இல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓசையைத் தவிர வேறு எதுவும் பேச இயலாதிருந்த ஒருவரின் மூளையை, அவர் இறந்த பின் ஆராய்ந்தார். இடப்புற மூளையின் முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பது இதனால் விளங்கிற்று. கை கால்களுக்கு நோவே இல்லாதபோதும் அவை செயலற்றுப் போவதன் காரணமும் இதுவே. பழுது மூளையில் இருக்கிறது. விளைவு உடலில் தெரிகிறது.

கரைக்கலாமா, கூடாதா?

காரணம் தெரிந்தும் நூறாண்டுக்கு மேலாகச் சிகிச்சை பிறக்கவில்லை. குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் வெளியே தோன்றும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. அடைப்பைக் கரைக்கும் மருந்தை இரத்தம் கசிபவருக்குக் கொடுத்தால் அது உயிருக்கே உலையாகும். இரண்டையும் பிரித்தறிய உதவிய கருவி 1971இல் லண்டனில் வந்தது. காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஆக்கிய சி.டி. ஸ்கேன், மண்டையைத் திறக்காமலே மூளையின் படத்தைத் தந்தது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1995இல் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த சோதனை முடிவு வெளியாயிற்று. அடைப்பு ஏற்பட்ட 3 மணி நேரத்துக்குள், கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தை ஊசி மூலம் பெற்றவர்களில் கூடுதலானோர் ஊனமின்றித் தேறினர். 2008இல் இக்கெடு நாலரை மணி நேரமாக நீட்டப்பட்டது. 2015 முதல், பெரிய குழாயில் உள்ள கட்டியை மெல்லிய குழல் செலுத்தி வெளியே இழுக்கும் முறையும் நிலைபெற்றது.

இப்போது விடை தெரிகிறதல்லவா? 1984இல் அடைப்பைக் கரைக்கும் இச்சிகிச்சை உலகில் எங்குமே வழக்கத்தில் இல்லை. அன்று ஒரு முதலமைச்சருக்கும் கிட்டாத வாய்ப்பு, இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் அது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணினால் சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒன்று தானே தாழ்கிறதா என்று பாருங்கள். எளிய வாக்கியம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா என்று கேளுங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் 108க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். திடீர்ப் பார்வைக் குறைவு, தள்ளாட்டம், என்றுமில்லாத கடுந்தலைவலி ஆகியவையும் அறிகுறிகளே. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றும் இருந்துவிடாதீர்கள். அது வரப்போகும் பெருந்தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

வாயில் சோடாவோ காப்பியோ ஊற்றாதீர்கள். விழுங்க இயலாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஸ்கேன் எடுக்குமுன் ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். புறா இரத்தம் தேய்ப்பதால் மூளையின் அடைப்பு நீங்காது. பொழுது மட்டுமே வீணாகும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையில் வாழ்வோர் ‘விடியட்டும்’ என்று காத்திருந்தால் கெடு வீட்டிலேயே முடிந்துவிடும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் அது ஒன்று.

இந்நோய்க்குப் பெருங்காரணம் இரத்தக் கொதிப்பு. அதற்கான மாத்திரைகளை 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. அவற்றை நாள் தவறாமல் உண்பது நம் பொறுப்பு. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் தேடிக் கண்ட பலன், அறிகுறியை முதலில் பார்ப்பவரின் கையில்தான் இருக்கிறது. அவர் மருத்துவராக இருக்கமாட்டார், நீங்களாகவே இருக்கலாம்.