மட்டையும் மகுடமும்

புத்தளம் நகரை விட்டு வடக்கே எழுவன்குளத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த வண்ணாத்திவில்லுவின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுவோர், அதன் வடபால் விரியும் வில்பத்து வனத்தையும், கலா ஓயா கடலோடு கலக்கும் கங்கேவாடியின் கண்டற் காடுகளையும், அருவக்காலுவில் வெட்டப்பட்டு இரயிலேறிப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சென்ற சுண்ணாம்புக் கல்லையும், நீர்ப்பரப்புக்கு அப்பால் கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய கோட்டையையும் தவறாது குறிப்பிடுவர். கல்லும் காடும் சரித்திரத்தில் இடம்பெறுவது நியாயமே. ஆயினும், மன்னார் முதல் சிலாபம் வரை நீளும் இக்கரையோரத்துச் சனங்கள் தங்கள் திருநாட்களிலும் கூத்துக்களிலும் கண்ணாரக் கண்டு மகிழ்ந்த வைபவங்களிற் பெரும்பகுதி கடதாசியாலும் மட்டையாலும் பசையாலுமே நிருமாணிக்கப்பட்டது என்பதையும், ஓரிரவுக்கென்று உண்டாகி மறுநாளிற் கலைந்துபோன அந்த நிருமாணத்துக்கும் ஒரு நீண்ட வமிசாவளி உண்டென்பதையும் எடுத்துரைப்பார் அரியர்.

இந்த விசாரத்துக்கு இப்பொழுது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. புகைப்படங்களையும் பழைய கடிதங்களையும் ஓர் ஏட்டில் ஒட்டிச் சுற்றிலும் அலங்கரித்துப் பேணும் ஸ்கிராப்புக் என்னும் நினைவேட்டுக் கலை மேனாடுகளிலிருந்து நம்மவரிடையேயும் பரவி வருகின்றது. சிப்போர்ட் எனப்படும் சாம்பல் நிற மட்டைக்கு அக்கலையில் ஒரு தனி ஸ்தானம் உண்டு. ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புள்ள அம்மட்டையை இலையாகவும் பூவாகவும் எழுத்தாகவும் பல்சக்கரமாகவும் அச்சுக்கத்தியாலோ லேசர் கதிராலோ வெட்டி, அதன்மேல் வெண்சாந்து பூசி, உலர்ந்தபின் வர்ணமும் மினுக்கும் இட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, ஏட்டின் சமதளத்திலிருந்து உருவங்கள் மேலெழும்படி செய்வர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரில் நடந்த உலக ஆவண மகாநாட்டில் ஒரு குடும்பத்தினர் தாம் தொகுத்த 50 ஏடுகளைக் காட்சிக்கு வைத்ததிலிருந்தே இக்கலையின் தற்கால அபிவிருத்தியைக் கணக்கிடுவது வழக்கம். எனினும் அதன் வேர் பழையது. 1873ஆம் ஆண்டிலேயே மார்க் ட்வைன் என்னும் நகைச்சுவை எழுத்தாளர், பக்கங்களிற் பசை பூசப்பெற்று நனைத்தவுடன் ஒட்டிக்கொள்ளும் நினைவேடு ஒன்றுக்கு உரிமைப்பட்டயம் பெற்றிருந்தார். அக்காலத்து மங்கையர் அவ்வகை ஏடுகளில் ஒட்டிய பூக்களும் தேவதூதர்களும், பெரும்பாலும் ஜெர்மனியிலே கல்லச்சிற் பல வர்ணங்களில் அச்சிடப்பெற்று, மேடுபட அழுத்தி, உருவத்தின் ஓரம் பிசகாது வெட்டி விற்கப்பட்டவை.

சமதளத்திலே மேடு செய்து, மேட்டிலே ஒளியை விழச்செய்யும் இந்த வித்தையைத் தமிழர் மேனாட்டாரிடம் கற்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தஞ்சையை மராத்திய மன்னர் ஆண்ட காலத்தில், விசேஷமாக இரண்டாம் சரபோஜியின் ஆட்சி நிகழ்ந்த 1798 முதல் 1832 வரையான ஆண்டுகளில், செழித்தோங்கிய தஞ்சாவூர் ஓவியம் இதற்குச் சாட்சி. பலாப்பலகையின்மீது துணியை ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் கலந்த சாந்தைப் பூசித் தேய்த்து மெருகிட்டு, உருவத்தை வரைந்த பின்னர், ஆபரணமும் திருவாசியும் தூணும் வரவேண்டிய இடங்களில் மேலும் தடித்த சாந்தை இட்டு மேடாக்கி, அம்மேட்டிலே நிறக்கற்களைப் பதித்துப் பொற்றகட்டை ஒட்டி, எஞ்சிய இடங்களுக்கு வர்ணம் தீட்டுவது அதன் முறை. பிற்காலத்தில் பலகைக்கும் துணிக்கும் இடையில் மட்டையும் வந்து சேர்ந்தது. மரம், துணி, மட்டை, சுண்ணம், கண்ணாடி, பொன் என்னும் இத்தனை திரவியங்களும் ஒரே படத்திற் சங்கமித்தபோது அதற்கு மிக்ஸ்ட் மீடியா என்று பெயர் சூட்ட எவரும் முற்படவில்லை. பூசையறையிலே தொங்கவிட்டுத் தீபம் ஏற்றினர். இருண்ட அறையில் ஒற்றைத் திரி அசையுந்தோறும் மேடான பொன் மின்னியும் பள்ளமான நிறம் மங்கியும் தோன்றுமாறு கற்பனை செய்யப்பட்ட அப்படங்களை, மின்சார வெளிச்சத்தின்கீழ் வைத்துப் பார்த்து மிகையான மினுக்கு என்று குறைகூறுவது பொருத்தமன்று.

பொன்னுக்கும் பலாப்பலகைக்கும் வசதியில்லாதவர்களும் கைகட்டி இருக்கவில்லை. ராஜா ரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவி, பின்னர் மளவ்லிக்கு மாற்றிய அச்சகத்திலிருந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் மலிவு விலையில் வீடுதோறும் வந்தபோது, செட்டிநாட்டுப் பெண்கள் அப்படங்களை அப்படியே சட்டமிட்டு மாட்டிவிடாது, சேலை இருந்த இடத்திற் பட்டையும் சரிகையையும் ஒட்டி, நகை இருந்த இடத்தில் மணியையும் ஜிகினாவையும் தைத்து, அச்சுக்கு உடை உடுத்தினார்கள். அந்த அச்சகத்தை நடத்தி, பின்னர் விலைக்கு வாங்கிய ஷ்லைஷர் என்பவரும் ஒரு ஜெர்மானியர். லண்டனிலே ஒரு மங்கை நினைவேட்டில் ஒட்டிய ரோஜாப்பூவும், காரைக்குடியிலே ஓர் ஆச்சி பட்டுடுத்திய லக்ஷ்மியும் ஜெர்மானியக் கல்லச்சு வித்தையின் இருவேறு கிளைகளென்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். என் அபிப்பிராயத்தில் ஆச்சியின் காரியமே மேலானது. முன்னவள் வெட்டி விற்றதை வாங்கி ஒட்டினாள், பின்னவள் அச்சிட்டவன் விட்ட இடத்திலிருந்து தன் சிருஷ்டியைத் தொடங்கினாள்.

இனி மட்டையின் கதைக்கு வருவோம். பனையோலைச் சுவடிகளுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிறு கோத்துக் கட்டிய நம் முன்னோருக்குத் தடித்த மட்டையின் தேவை ஏற்படவில்லை. அச்சுப் புத்தகமும் அதைக் கட்டும் தொழிலும் வந்த பின்னரே மட்டை வந்தது. அது பஞ்சத்தில் அடிபட்ட பொருள். கந்தற் துணியிலிருந்தே கடதாசி செய்த ஐரோப்பியருக்குக் கந்தல் போதாமற்போன காலத்தில், 1800ஆம் ஆண்டு மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் லண்டனில் வைக்கோற் கடதாசியிலேயே ஒரு நூலை அச்சிட்டு மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு அர்ப்பணித்தார். அவருடைய ஆலை சில ஆண்டுகளில் நொடித்துப்போயினும் அவருடைய யோசனை நொடிக்கவில்லை. வைக்கோலைச் சுண்ணாம்புடன் அவித்து, முற்றாக வெளுக்காமல் அரைத்து வார்த்தால், முறுகலான மஞ்சள் மட்டை கிடைக்கும் என்று கண்டுகொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒல்லாந்தின் கொறோனிங்கன் மாகாணம் இத்தொழிலிற் பெயர்பெற்று, இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக மட்டையை அனுப்பியது. கற்பிட்டியிற் பவளக்கல்லால் மதில் எழுப்பிய ஒல்லாந்தரின் சந்ததியார் வைக்கோலைப் பலகையாக்கி விற்றது காலத்தின் விசித்திரம்.

இலங்கையும் இதிற் பின்னிற்கவில்லை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலே திட்டமிடப்பட்டு 1950களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, கிழக்கு மாகாணத்து வயல்களின் வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டது. மாட்டுக்குப் போக எஞ்சிய வைக்கோல் மாணவனின் கொப்பியாக மாறிய அக்காலம் நீடிக்கவில்லை. இறக்குமதியும் யுத்தமும் அந்த ஆலையை நலிவித்தன. வைக்கோல் மட்டையின் மஞ்சள் நிறமும் மறைந்து, கழிவுக் கடதாசியை மைபோக்காமல் அரைத்து வார்த்த சாம்பல் நிற மட்டையே எங்கும் வழங்கலாயிற்று. நாம் மேலே கண்ட சிப்போர்ட்டும் அதுவே. கொழும்பு மாநகரின் குப்பையை இரயிலிற் கொண்டுவந்து வண்ணாத்திவில்லுப் பிரதேசத்து அருவக்காலுவிற் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வீதிக்கு இறங்கினார்கள் என்பதை வாசகர் அறிவர். குப்பையிலிருந்து பிரித்தெடுத்த கடதாசி அழகிய அலங்கார மட்டையாகிக் கடைகளில் விலைபெறும் இந்த யுகத்தில், பிரிக்காத குப்பையை அயலூராரின் வாசலிற் கொட்டுவதைத் தொழில்நுட்பம் என்று சொல்வது எனக்கு விளங்குவதேயில்லை.

மட்டை இக்கரையோரத்தில் அடைந்த உச்சஸ்தானம் கூத்து மேடையிலாகும். மன்னார் தொடங்கிச் சிலாபம், நீர்கொழும்பு ஈறாகக் கத்தோலிக்க ஊர்களில் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரங்கள் விடிய விடிய நாடகமாக ஆடப்பட்டன. அந்த மரபே சிங்கள மக்களிடையே நாடகம என வழங்கி, 1956ஆம் ஆண்டு எதிரிவீர சரச்சந்திரவின் மனமே நாடகத்துக்கு ஆதாரமாயிற்று. உடப்பிலோ திரௌபதை அம்மன் கோவிலை மையமாகக் கொண்டு பாரதக் கதை தீமிதிப்புத் திருவிழாவுடன் கலந்து வாழ்ந்தது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து அரசனுக்குக் கனத்த கிரீடமும் வில்லுடுப்பும் அணிவித்தது. தமிழ்நாட்டின் கட்டைக்கூத்து கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து முடியும் புஜகீர்த்தியும் செய்தது. மரம் குடையும் ஆசாரி கிட்டாத இடத்தில் மட்டை அந்த வேலையை மேற்கொண்டது.

மட்டை வேலையின் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கும்போதே புத்தகம் கட்டுவோர் செய்வதுபோலச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள். இல்லையேல் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அரசனை அரங்கேறுமுன்னரே அரித்துவிடும். தலையளவுக்கு வளைத்த மட்டையின் மூட்டுவாயை நூலாலே தைத்து, அதன்மேற் பழைய கடதாசியைப் பசையில் ஊறவைத்துப் பல படையாக ஒட்டி வெயிலில் உலர்த்துவர். கடற்காற்றின் ஈரம் மட்டையை ஊதப் பண்ணுமாதலால் உலர்த்துவதில் அவசரம் கூடாது. பின்னர் இலையும் கொடியும் மகரமுமாக வெட்டிய சிறு மட்டைத் துண்டுகளை மேடாக ஒட்டி, பள்ளங்களில் வர்ணம் பூசி, மேடுகளில் வெள்ளித்தாளும் பொற்றாளும் பதித்து, உடைந்த முகக்கண்ணாடியின் சில்லுகளை ஓரங்களில் அமுக்கிச் சரிகையால் விளிம்பு கட்டுவர். பகலிற் பார்த்தால் அது குழந்தை விளையாட்டுப்போலத் தோன்றும். இரவிலே பெற்றோமக்ஸ் விளக்கின் வெள்ளொளி அதன்மேல் விழ, ஆட்டக்காரன் ஒரு சுற்றுச் சுழன்று தலையைத் திருப்பும்போதோ, அம்மகுடம் நூறு இடங்களில் ஒருங்கே மின்னி, கடைசி வரிசையிற் பாயில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் இவன் அரசனென்று அறிவிக்கும். தஞ்சாவூர்ப் படத்தில் அசைவது தீபம். கூத்திலே அசைவது மகுடம். மேடும் ஒளியும் ஒன்றையொன்று நாடும் அந்தத் தத்துவம் இரண்டுக்கும் பொது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டு கர்ணன் போரைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது கூத்தின் ஆட்டமும் பாட்டும் கற்றோரின் கவனத்தைப் பெற்றன. முடி செய்த கைகளின் சாமர்த்தியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1912ஆம் ஆண்டு என்று கலை விமர்சகர் ஒரு வருஷத்தை அடிக்கடி உச்சரிப்பதுண்டு. ஓவியர் பிராக் கடதாசித் துண்டுகளை ஓவியத்தில் ஒட்டியதும், பிக்காசோ மட்டையை வெட்டி மடித்து ஒரு கித்தார் வாத்தியத்தின் உருவைச் செய்ததும் அவ்வாண்டிலேதான். கற்சிலைக்கும் வெண்கலச் சிலைக்கும் பழகிய உலகம் மட்டைச் சிற்பத்தைக் கண்டு திகைத்தது. இன்று அந்தக் கித்தார் நியூயோர்க்கின் அரும்பொருளகம் ஒன்றிற் காப்பாற்றப்படுகிறது. அப்படி மட்டையைப் புதுமையாகக் கருதிய உலகில், மட்டையால் அரசர்களைச் சிருஷ்டித்த ஊர்கள் பல இருந்தன என்பதையும் விமர்சகர் ஒரு வரியிலாவது சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

நினைவேட்டின் மற்றொரு பக்கம் புத்தளம் மாவட்டத்தில் துயரத்தோடு சம்பந்தப்பட்டது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பிரதேசங்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். நகையும் பணமும் பறிபோனதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கலியாணப் படமும் தாயின் கையெழுத்தும் வீட்டுச் சுவரிலேயே விடப்பட்டதைப் பற்றி எழுதினோர் சிலரே. இத்தகைய மாவட்டத்தில், எஞ்சிய ஒரு படத்தை மட்டைச் சட்டத்தில் இட்டு ஏட்டில் ஒட்டிவைக்கும் பெண்ணின் செயலை வெறும் பொழுதுபோக்கென்று நான் கருதமாட்டேன். மட்டையிலுள்ள அமிலம் காலப்போக்கிற் படத்தை மஞ்சளாக்கும் என்பதையும், அமிலமற்ற கடதாசியை இடையில் வைத்தல் நன்றென்பதையும் மாத்திரம் அவளுக்குச் சொல்லிவைப்பேன்.

கூத்து முடிகளின் நிலை வேறு. கத்தியாலும் சூட்டுக் கம்பியாலும் நொடியில் வெட்டப்படும் ரெஜிபோம் என்னும் நுரைப்பொருள் வந்ததும், மணவறையும் மேடையும் அதற்கு மாறின. பின்னர் அச்சிட்ட பதாகை வந்து மேட்டையே ஒழித்துவிட்டது. வெட்டியதும் ஒட்டியதும் போக, படம்பிடித்த பூவே போதுமென்று சனங்கள் திருப்தியடைந்தனர். மலிவும் விரைவும் குற்றமல்ல. மட்டையும் மலிவென்பதனாலேயே அன்று அரங்கேறியது. ஆனால் மட்டை கையின் அளவைக் காட்டிற்று, பதாகை அச்சுக்கூடத்தின் அளவையே காட்டுகிறது.

ஆகையால் இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார்களின் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோவிலின் பண்டகசாலையிலோ வீட்டுப் பரணிலோ பழைய முடியோ புஜகீர்த்தியோ கிடந்தால், அதைப் பொங்கலுக்கு முந்திய குப்பையோடு எரித்துவிடாதீர்கள். அதன் உட்புறத்தைத் திருப்பி மட்டை மஞ்சளா சாம்பலா என்று பாருங்கள். எத்தனை படை, என்ன பசை, எங்கே தைத்திருக்கிறது, எந்தக் கூத்தில் யார் அணிந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்து ஒட்டி, அக்கொப்பியைப் பாடசாலை நூலகத்திற் கொடுங்கள்.